ராணிக்குப் போட்ட மோதிரம்

பறவையின் காலில் போடும் வளையத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்ற வழக்கு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு குளிர்காலம் முழுக்க நடந்தது. காலில் போடுவதென்றால் கொலுசு என்றார் அம்மா. கொலுசு குலுங்கும், இது குலுங்காது, ஆகவே காப்பு என்றார் அப்பா. காப்பு கைக்கு. தண்டை முருகனுக்கு. மெட்டி என்று சொல்ல வாயெடுத்த அம்மா, எதிரே இருந்த சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டார். கடைசியில் சித்தப்பாவே தீர்ப்புச் சொன்னார்.

"டெனிஷ்காரன் ரிங் எண்டுறான். ரிங் எண்டால் மோதிரம். நான் ஞாயிற்றுக்கிழமையில குருவியளுக்கு மோதிரம் போடப் போறன். அவ்வளவுதான்."

சித்தப்பா அப்பாவின் தம்பி. கலியாணம் ஆகாதவர். டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்தில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் இருந்தார். ஜன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கண்ணாடி பொருத்துகிற வேலை. கண்ணாடி தூக்குகிறவருக்கு விரல்கள் முரடாக இருக்கும் என்று நினைப்பீர்கள். அவருடையவை ஊசியில் நூல் கோக்கிற விரல்கள். அதே தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற டெனிஷ் பெண்மணி ஒருவர் அந்த விரல்களைக் கவனித்து வைத்திருந்தார். பறவைகளுக்கு வளையம் போட அனுமதி பெற்றவர் அவர். பியோர்ட் கரையில், கடல் நிலத்துக்குள் நாக்கு நீட்டுகிற இடத்தில், புதர்ப் பற்றைகளுக்கு நடுவே வலை கட்டுவார். பிடிப்பார், வளையம் போடுவார், எழுதிவைப்பார், பறக்கவிடுவார். எனக்கு வயதாகிறது, ஒரு நல்ல கை வேண்டும் என்று சித்தப்பாவைக் கூப்பிட்டார். பார்க்கப் போனவர் அதன்பிறகு ஒரு ஞாயிறையும் தவறவிடவில்லை. நாங்கள் அந்த அம்மாவுக்குக் குருவியம்மா என்று பெயர் வைத்தோம்.

அப்பாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. "சம்பளமில்லாமல் வேலை செய்யிறதுக்கும் இந்த நாட்டில ஒரு பேர் வைச்சிருக்கிறாங்கள்" என்பார். ஃப்ரிவிலி என்பது அந்தப் பேர். "அந்தப் பேரைச் சொன்னால் விடியமுதலே எழும்பிப் போறான். கோயிலுக்கு வாடா எண்டால் கால் நோகுதாம்."

எனக்கு அது விளங்கவேண்டிய விஷயமாக இருக்கவில்லை, பெருமைப்படவேண்டிய விஷயமாக மட்டும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கோலிப்ரியைப் பற்றிப் படித்திருந்தோம். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கிற, கட்டைவிரல் அளவுக் குருவி. என்னுடைய சித்தப்பா அதற்குத்தான் மோதிரம் போடுகிறார் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். டென்மார்க்கில் கோலிப்ரி கிடையாது என்றார் ஆசிரியை. வகுப்பு சிரித்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த ஞாயிறு சித்தப்பா என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

அங்கே கோலிப்ரி இல்லை. ராசா இருந்தார்.

சித்தப்பா கையை விரித்துக் காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. பிறகு அந்த ஒன்றுமில்லாதது என்னைப் பார்த்தது. கறுப்பு மணிக்கண். இலைப்பச்சை உடம்பு. இரண்டு குரோனர் நாணயத்தின் எடை, அதுவும் நாணயத்தைப்போல் கனக்காத எடை, கதகதக்கிற எடை. உச்சியில் கறுப்புக் கரை வைத்த மஞ்சள் கோடு ஒன்று. ஐரோப்பாவிலேயே மிகச் சின்னப் பறவைக்கு டெனிஷ்காரர் வைத்திருக்கும் பெயர் ஃபூலகோங்கெ, பறவைகளின் அரசன். சித்தப்பா அதன் தலையில் மெல்ல ஊதினார். மஞ்சள் விலகி, உள்ளேயிருந்து செம்மஞ்சளாய் ஒரு தீ எட்டிப்பார்த்தது. "ராசா" என்றார். அடுத்த குருவியின் தலையில் ஊதினார். மஞ்சளுக்குள் மஞ்சள்தான். "ராணி" என்றார்.

சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கழுத்து. மற்ற விரல்கள் உடம்பைச் சுற்றி ஒரு கூடு. இறுக்கினால் மூச்சு நின்றுவிடும், விட்டால் பறந்துவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த மெல்லிய இடத்தில் சித்தப்பாவின் கை குடியிருந்தது. சின்னக் குறட்டால் வளையத்தை நெருக்கி, அதிலுள்ள இலக்கத்தை வாசிப்பார். குருவியம்மா எழுதுவார். எழுதியபிறகு என் உள்ளங்கையில் வைப்பார்கள். பறக்கவிடுவது என் பதவி.

முறை வரும்வரை குருவிகளைச் சின்னச் சின்னத் துணிப்பைகளில் போட்டு, நாடாவை இழுத்து, கொம்பு ஒன்றில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். பைகள் துடித்துக்கொண்டிருக்கும், ஒரு கொடி முழுக்க இதயங்களைக் காயப்போட்டதுபோல. கடைசிப் பை மட்டும் துடிக்காது. அதற்குள் சித்தப்பா தன் போனைப் போட்டு வைத்திருந்தார். சத்தத்தை நிறுத்தி, அதிர மட்டும் விட்டிருந்தார், குருவிகள் பயப்படாமல் இருக்க.

"ஏன் பைக்குள்ள?" என்று கேட்டேன்.

"பொக்கற்றுக்குள்ள இருந்தால் குனியேக்க விழும். இங்கையெண்டால் அடிக்கிறது கண்ணுக்குத் தெரியும்."

நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன்.

அது இலங்கையில் போர் முடிந்த வருடம். முடிவதற்கு முந்திய வாரங்கள். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணையவேயில்லை, ஆனால் ஒருவரும் அதைப் பார்த்ததாகவும் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் பெரியவர்கள் பஸ் பிடித்துக் கோப்பன்ஹேகனுக்குப் போய்ப் பதாகையோடு நின்றார்கள். சித்தப்பாவும் தொண்டை கட்டும்வரை நின்றார். ஞாயிறு விடிய, கட்டிய தொண்டையோடு குருவிகளிடம் போனார். இதை வெளியே யாருக்கும் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அங்கே சனம் சாகும்போது இவருக்குக் குருவி கேட்குதோ என்று கேட்பார்களாம்.

சித்தப்பாவுக்கு ஒரு பெண் பேசி முடித்திருந்தது. வன்னியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. வன்னிக்குப் போகிற பாதையைப் பூட்டுவதற்கு முன்னால் நிச்சயமானது. பாதை திறந்ததும் கலியாணம் என்றார்கள், பாதை திறக்கவில்லை. மாசி மாதத்தோடு அவரிடமிருந்து தொலைபேசியும் நின்றுபோனது. அந்த ஆசிரியையின் அண்ணன் குடும்பம், காரில் ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள ரண்டர்ஸில் இருந்தது. எனக்கு அவர்கள் ரண்டர்ஸ் மாமா, ரண்டர்ஸ் மாமி.

ரண்டர்ஸ் மாமிக்கு எங்கள்மீது ஒரு நிரந்தர முறைப்பாடு உண்டு. ஹோர்சன்ஸ் பிள்ளைகளுக்குத் தமிழ் வராதாம். ஒரு வசனம் கதைத்தால் அதில் பாதி டெனிஷாம். ஆகவே அந்த ஞாயிறு காலை தொலைபேசி அடித்து, அந்தப் பக்கம் மாமியின் குரல் கேட்டதும், ஒரு டெனிஷ் சொல்லும் கலக்காமல் கதைப்பது என்று உறுதி பூண்டேன். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. அப்பா இரவு வேலை முடிந்து நித்திரை. எனக்கு மூக்கு ஒழுகும் தடிமன் என்பதால் சித்தப்பா என்னை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"சித்தப்பா நிக்கிறாரோ பிள்ளை?"

"இல்லை மாமி. மோதிரம் போடப் போயிட்டார்."

"என்ன மோதிரம்?"

"மோதிரம்தான் மாமி. போன ஞாயிறும் போட்டவர்."

"ஆருக்கடி?"

"ராணிக்கு."

ஹோர்சன்ஸில் மட்டும் மூன்று ராணி அன்ரிகள் இருந்தார்கள். அது எனக்கு உறைக்கவில்லை.

"எந்த ராணி? எங்கத்தையாள்?"

"ஜேர்மனிப் பக்கத்தால வந்தவ. நோர்வேக்குப் போறா. சரியான வடிவு மாமி. ஆனால் சின்ன ஆள்."

"சின்ன ஆளோ! என்ன வயசு?"

"எனக்குத் தெரியேல்லை. எழுதேக்க பார்ப்பினம்."

"எழுத்தும் முடிஞ்சுதோ?"

எங்கள் ஆட்களிடம் எழுத்து என்றால் கலியாணப் பதிவு. எனக்கு எழுத்து என்றால் எழுத்து.

"ஓம் மாமி. ஒரு டெனிஷ் அம்மா எழுதினவ. எழுதினாப் பிறகுதான் போக விடுவினம்."

"கொப்பருக்குத் தெரியுமோ?"

"தெரியும். அப்பாவுக்கு அவ்வளவு விருப்பமில்லை. சம்பளம் இல்லையெண்டு."

மாமி வைத்துவிட்டார். என் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சி முடிவதற்குள் வாசலில் கார் நின்றது. ரண்டர்ஸிலிருந்து ஹோர்சன்ஸுக்கு அவ்வளவு வேகமாக வந்த தமிழர் வேறு யாரும் இருக்கமுடியாது. மாமா வீட்டுச் செருப்போடு வந்திருந்தார், முன்பக்கம் மூடிய, கம்பளிச் செருப்பு. அப்பாவை எழுப்பட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம். அவர் நல்லா நித்திரை கொள்ளட்டும். நீ இடத்தைக் காட்டு."

ராசாவைப் பார்க்கத்தான் இவ்வளவு அவசரமாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தடிமன் பறந்துவிட்டது. காரின் பின்சீற்றில் இருந்துகொண்டு, இடது, வலது, தேவாலயத்தைத் தாண்டி நேராக என்று நான் சொல்லச் சொல்ல, அந்தப் பெரிய மனிதர் நான் சொன்ன பக்கமெல்லாம் காரைத் திருப்பினார். அப்படி ஒரு அதிகாரம் அதற்குமுன் எனக்குக் கிடைத்ததில்லை.

"பிள்ளை," என்று மாமி திரும்பினார், "அவள் எப்பிடி இருப்பாள்?"

"தலையில மஞ்சள், மாமி."

மாமி மாமாவின் பக்கம் திரும்பினார். "மஞ்சள் தலையாம். தமிழுமில்லை!"

மாமாவின் காது சிவந்தது.

பியோர்ட்டின் மேல் மெல்லிய பனிப்புகை கிடந்தது. கார் நின்றதும் மாமா இறங்கி, என்னைக் கேளாமலே, பற்றைகளுக்கு நடுவிலுள்ள ஒற்றையடிப் பாதையில் சேற்றை மிதித்துக்கொண்டு போனார். தூரத்தில் சித்தப்பாவின் முதுகு தெரிந்தது. "தம்பி!" என்று கத்தினார். இன்னும் நாலடி வைத்தார். அதன்பிறகு அவரால் அடிவைக்க முடியவில்லை.

அந்த வலை கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு நைலோன், தலைமயிரைவிட மெல்லியது, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் காற்றுக்கு வைத்த பொறி. குருவிகளுக்காகக் கட்டியது. மாமாவின் கண்ணாடி அதில் மாட்டியது, ஜாக்கெட்டின் பொத்தான்கள் மாட்டின, உயர்த்திய கை உயர்த்தியபடியே மாட்டியது. உதறினார். உதற உதற வலை அவரைச் சுற்றிக்கொண்டது.

சித்தப்பா ஓடிவந்தார். "ஆடாதேங்கோ அண்ணை! ஆடினால் இன்னும் சிக்கும்!"

"என்ர தங்கச்சி உயிரோட இருக்கிறாளோ எண்டு தெரியாது," மாமா வலைக்குள்ளிருந்து கத்தினார். "அதுக்கிடையில நீர் இன்னொருத்திக்கு மோதிரம் போடுறீரோ?"

"ஆருக்கு?"

"ராணிக்கு!"

சித்தப்பா என்னைப் பார்த்தார். மாமியின் பின்னால் நின்ற நான், ஓம், நான்தான் சொன்னேன், டெனிஷ் கலக்காமல் சொன்னேன் என்ற பெருமையில் தலையாட்டினேன்.

சித்தப்பா வலையின் பக்கம் திரும்பினார். மாமாவுக்குப் பக்கத்தில், வலையின் மடிப்பு ஒன்றில், இன்னொருவரும் மாட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. முதல் இதை எடுக்கிறன். இது தாங்காது. நீங்கள் தாங்குவியள்" என்றார். நகத்தால் ஒவ்வொரு இழையாக விலக்கினார். கால், சிறகு, கழுத்து. தன்னை அடிக்க வந்த மனிதனின் மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில் நின்று, அவர் அந்த இரண்டு குரோனர் உயிரை எடுத்தார். ஒரு இறகுகூட உதிரவில்லை. என் தலையிலும் இளநரை ஒரு கோடு போடத் தொடங்கிவிட்ட இந்த வயதில், யாரையாவது நினைத்துப் பெருமைப்படவேண்டுமென்றால் நான் முதலில் நினைப்பது அந்த விரல்களை.

குருவியின் தலையில் ஊதினார். தீ எட்டிப்பார்த்தது.

"ராணி போன கிழமை போயிட்டாள் அண்ணை. இது ராசா."

மாமி முதலில் வாயைப் பொத்தினார். பிறகு பொத்த முடியவில்லை. "ஐயோ, ஜேர்மனியால வந்தவள்! மஞ்சள் தலை! எழுத்தும் முடிஞ்சுதாம்!" என்று ஈரப்புல்லிலேயே இருந்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஏன் அத்தனை தரம் மூக்கைச் சீறினார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தடிமன் என்று நினைத்தேன்.

சித்தப்பா குறட்டை எடுத்து அங்கேயே, வலைக்கு முன்னாலேயே, வளையத்தைப் போட்டார். பற்றைக்குள்ளிருந்து வந்த குருவியம்மா எதுவும் கேளாமல் இலக்கத்தை எழுதிக்கொண்டார். மாமா, ஒரு கை மேலே தொங்க, கண்ணாடி மூக்கில் சரிந்திருக்க, பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு சின்னக் காலில இலக்கம் ஏன்?" குரல் இறங்கிவிட்டிருந்தது.

"எங்கை போய் விழுந்தாலும் ஆராவது எடுத்துப் பார்ப்பினம் அண்ணை. கோப்பன்ஹேகனில குருவிக் கணக்கு வைக்கிற ஒரு நூதனசாலைக்கு அறிவிப்பினம். அவை எங்களுக்குச் சொல்லுவினம். உயிரோட எண்டாலும் சொல்லுவினம். மற்றதெண்டாலும் சொல்லுவினம்."

"எந்த நாட்டில எண்டாலுமோ?"

"எந்த நாட்டில எண்டாலும்."

மாமா, "குருவிக்கு" என்றார்.

"ஓம் அண்ணை. குருவிக்கு."

அதற்குப் பிறகுதான் சித்தப்பா மாமாவை வலையிலிருந்து எடுத்தார். அதே நகத்தால், அதே பொறுமையாக, ஒவ்வொரு பொத்தானாக. எடுத்துக்கொண்டிருக்கும்போது, மாமாவின் முகத்தைப் பாராமல் சொன்னார். "மனுசருக்கெண்டால் நான் ஒருக்காத்தான் போடுறது அண்ணை. ஆருக்கெண்டு உங்களுக்குத் தெரியும்."

குருவியம்மா என்னிடம் டெனிஷில் கேட்டார், இவர் யார் என்று. மொழிபெயர்ப்பு எங்கள் வீட்டில் என் இலாகா. சித்தப்பா கட்டப்போகிற, கட்டுவாரோ தெரியாத, எங்கே என்று தெரியாத பெண்ணின் அண்ணன் என்பதற்கு டெனிஷில் என்ன சொல்வது? மச்சானுக்கும் அத்தானுக்கும் மைத்துனருக்கும் சேர்த்து அவர்களிடம் இருப்பது ஒரே சொல். "ஸ்வோவர்" என்றேன். குருவியம்மா மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சொன்னவள்?" என்று மாமா கேட்டார்.

"நீங்கள் என்ர மச்சான் எண்டு சொல்லிப்போட்டாள்" என்றார் சித்தப்பா.

மாமா மறுக்கவில்லை. என் பதவியை அன்று அவருக்கு விட்டுக்கொடுத்தேன். விரித்த அவருடைய பெரிய உள்ளங்கையில் சித்தப்பா ராசாவை வைத்தார். ராசா உடனே பறக்கவில்லை. தனக்கு விடுதலை கிடைத்தது தெரியாததுபோல் கிடந்தது. மாமா மூச்சும் விடாமல் நின்றார். பிறகு கை வெறுமையாகியிருந்தது. பறந்ததை யாருமே பார்க்கவில்லை.

அவர்கள் உடனே திரும்பிப் போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. சேறு ஊறிய கம்பளிச் செருப்போடு மாமா பைகள் தொங்கிய கொம்புக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"கடைசிப் பைக்குள்ள என்ன? ஆடாமல் இருக்கு."

"என்ர போன் அண்ணை."

மாமா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வெறும் துணிப்பை ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்குள் போட்டு, நாடாவை இழுத்து, சித்தப்பாவின் பைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். வந்த அன்றே இடத்தின் ஒழுங்கைக் கற்றுக்கொண்டாரே என்று எனக்கு அவரைப் பற்றியும் பெருமையாக இருந்தது.

குருவியம்மா அதுவரை சித்தப்பாவின் பையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. டெனிஷ்காரர்கள் கேட்கமாட்டார்கள். அன்று ஆடாத பை இரண்டானதும் என்னிடம் மெல்லக் குனிந்து கேட்டார், இவற்றுக்குள் குருவி ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை, இரண்டும் வெறும் பைகள் என்று நான்தான் நல்ல டெனிஷில், கணீரென்று, மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறும் மாமா வந்தார், நல்ல சப்பாத்தோடு. அதற்கடுத்த ஞாயிறும். வைகாசியில் போர் முடிந்தது என்றார்கள். அன்று எங்கள் வீட்டில் யாரோ தொலைக்காட்சியை அணைத்தார்கள், அந்த நிசப்தம்தான் எனக்கு ஞாபகம். அப்பா மட்டும் அன்றிலிருந்து ஃப்ரிவிலி என்ற சொல்லைக் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டார்.

கலியாணம் இரண்டு வருடம் கழித்து ஹோர்சன்ஸிலேயே ஒரு விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மணவறை. வன்னியிலிருந்து வந்துசேர்ந்த சித்தி அம்மியில் வைத்த காலைப் பிடித்ததும் சித்தப்பாவின் விரல்கள் தாமாகவே பழைய பிடிக்குப் போய்விட்டன. ஐயர் மந்திரத்தைத் தொடங்குவதற்குள் மெட்டி ஏறிவிட்டது. "டேய், இலக்கத்தை எழுதினியோ?" என்று அப்பா கத்த, மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த குருவியம்மா, நல்ல பிடி என்று என்னிடம் சொன்னார். அந்த ராசாவைப் பற்றி மட்டும் எந்த நாட்டிலிருந்தும் இன்றுவரை தகவல் இல்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு ஞாயிறு இருக்கிறது. போர் முடிந்த அதே வருடத்து இலையுதிர்காலம். வடக்கே போன அரசர்கள் நோர்வேயிலிருந்து திரும்பி இறங்குகிற காலம். வலை நிறைந்திருந்தது. கொம்பு முழுக்கப் பைகள் துடித்தன, எப்போதும்போல் கடைசி இரண்டைத் தவிர. சித்தப்பாவின் கையில் குறடு. மாமா தூரத்தில், வலையின் மறு முனையில். நான் ஒரு ராணியைப் பறக்கவிட்டுவிட்டுத் திரும்பினேன். வெறும் பைகள் என்று நான் மொழிபெயர்த்த அந்த இரண்டில், மாமாவின் பை துடித்துக்கொண்டிருந்தது.

இத்தனை மாதமாக ஆடாத அந்தப் பைக்குள் போன் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது; ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. பற்றைகளை விலக்கிக்கொண்டு, சேற்றில் சறுக்கிக்கொண்டு, வலைப் பக்கமாகக் கத்தியபடி ஓடினேன்.

"மாமா, ஓடிவாங்கோ! ஒண்டை மறந்துபோனம்! பைக்குள்ள ஒண்டு இன்னும் உயிரோட இருக்கு!"